நம்பர் பிளேட்டை ஒரு தடவை உத்துப் பாருங்க

காலேஜ் பார்க்கிங்ல நிக்கிற ஏதாவது ஒரு புது வண்டிக்கிட்ட போய் நில்லுங்க. 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்ததா இருக்கட்டும். நம்பரைப் படிக்காதீங்க, பிளேட்டை மட்டும் பாருங்க.

இடது மேல் மூலையில அசோகச் சக்கரத்தோட ஒரு ஹாலோகிராம், 20 மில்லிமீட்டர் சதுரம். அதே பக்கம் நீல நிறத்துல 'ஐஎன்டி'. கீழே லேசர்ல பொறிச்ச ஒரு குட்டி எண். அது வண்டி நம்பர் இல்ல, அந்தப் பிளேட்டோட சொந்த அடையாளம். இப்போ கொஞ்சம் சாய்ஞ்சு கறுப்பு எழுத்துகளைப் பாருங்க. அதுக்கு மேலேயே 45 டிகிரி சாய்வுல 'இந்தியா'ன்னு ஆங்கிலத்துல திரும்பத் திரும்ப வரும். பூட்டு கழற்றினா உடைஞ்சுபோற ரகம், மறுபடி மாட்ட முடியாது.

இவ்வளவும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்: இந்தப் பிளேட் அசலா, போலியா? அசல் பிளேட்லயே எழுத்தை மாத்தினா என்ன பண்றது? அந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்ட நாடு ஜெர்மனி.

1970-களோட கடைசியில அங்கே செம்படைப் பிரிவுங்கற தீவிரவாத அமைப்போட மிரட்டல். அப்போ பிளேட்ல இருந்தது டின் 1451-ங்கற எழுத்துரு. நேர்கோடும் வட்டமுமா பார்க்க அழகா இருக்கும். பிரச்சினையே அந்த ஒழுங்குதான். 'எஃப்'க்கு அடியில ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினா 'ஈ'. 'பி'க்கு ஒரு கால் வெச்சா 'ஆர்'. 3-ஐ மூடினா 8. வேற வண்டி ரெடி!

அதனால கார்ல்கியோர்க் ஹோஃபர்ங்கற எழுத்துக்கலைஞர் ஒரு புது எழுத்துருவை வரைஞ்சார். 1978-லிருந்து 1980 வரைக்கும் கீசன் பல்கலைக்கழகத்துல சோதனை பண்ணித் திருத்தினாங்க. பேரு எஃப்ஈ ஷ்ரிஃப்ட், அதாவது 'போலி செய்யக் கடினமான எழுத்து'. ஒவ்வொரு எழுத்தும் வேற வேற குடும்பத்துலேருந்து வந்த மாதிரி கோணல்மாணலா நிக்கும். டிசைன் படிக்கிற நண்பர்கள் முகம் சுளிப்பாங்க. எனக்கு அதுதான் பிடிச்சது. இதுல ஒரு எழுத்தை இன்னொண்ணா மாத்தணும்னா கறுப்பு சேர்த்தா மட்டும் போதாது, இருக்கிற கறுப்பு மேல வெள்ளையும் அடிக்கணும். பிளேட்டோட பின்னணி ஒளியைத் திருப்பி அனுப்புற வெள்ளை, கடையில வாங்கின பெயின்ட் அப்படி இல்ல. ராத்திரி ஹெட்லைட் பட்டா அடிச்ச இடம் தனியாக் காட்டிக்கொடுத்துடும். எழுத்துரு 1980-லயே ரெடி, ஆனா மிரட்டல் குறைஞ்சதும் கிடப்புல போட்டாங்க. 1994-லதான் சாலைக்கு வந்துச்சு, 2000 நவம்பர்ல கட்டாயம் ஆச்சு.

சரி, பிளேட் அசல், எழுத்தும் அசல். படிக்கிற கேமரா தப்பாப் படிச்சா? எங்க மாமாவுக்கு அவர் போகவே போகாத ஊர்லேருந்து ஒரு சலான் வந்துச்சு. போட்டோல இருந்தது வேற வண்டி. நம்பர்ல ஒரு 3 இவருக்கு 8. அதை ரத்து பண்ண ரெண்டு மாசம் அலைஞ்சார். நம்ம ஊர் நம்பர்ல ஒரு இலக்கம் மாறினா அது பெரும்பாலும் இன்னொருத்தரோட நிஜ நம்பர். தப்புன்னு கண்டுபிடிக்க அந்த நம்பருக்குள்ளேயே எந்த வழியும் இல்ல.

சிங்கப்பூர்ல இருக்கு. அங்கே நம்பரோட கடைசி எழுத்து ஒரு செக்சம். பேப்பர் எடுங்க. 'எஸ்ஜி 5999' ஒரு பஸ் நம்பர். எழுத்துகளை வரிசை எண்ணா மாத்துங்க: எஸ் 19, ஜி 7. (முன்னாடி மூணு எழுத்து இருந்தா கடைசி ரெண்டை மட்டும் எடுக்கணும்.) இந்த ஆறு எண்களை முறையே 9, 4, 5, 4, 3, 2-ஆல பெருக்கிக் கூட்டுங்க: 171 + 28 + 25 + 36 + 27 + 18 = 305. இதை 19-ஆல வகுத்தா மீதி 1. அவங்க பட்டியல்ல மீதி 0-க்கு 'ஏ', 1-க்கு 'இசட்', 2-க்கு 'ஒய்', இப்படிப் போகும். ஆக முழு நம்பர் 'எஸ்ஜி 5999 இசட்'. கேமரா 5-ஐ 6-ன்னு படிச்சா கூட்டல் 310, மீதி 6. 'இசட்' பொருந்தாது, தப்புன்னு உடனே தெரிஞ்சிடும்.

ஏன் 19? அது பகா எண். ஒரு இலக்கம் மாறினா கூட்டல்ல வர்ற வித்தியாசம், 1-லிருந்து 9-க்குள்ள ஒரு எண்ணை 2, 3, 4, 5-ல ஒண்ணால பெருக்கினது. அது 19-ஓட மடங்கா இருக்கவே முடியாது. ரெண்டு இலக்கம் இடம் மாறினாலும் இதே கதைதான், ஏன்னா நாலு இலக்கத்துக்கும் வேற வேற பெருக்கெண்.

எழுத்துகள்ல மட்டும் ஒரு ஓட்டை இருக்கு. 7-வது எழுத்து 'ஜி', 26-வது 'இசட்'. வித்தியாசம் சரியா 19. ஒண்ணை இன்னொண்ணாப் படிச்சா செக்சம் கண்டுக்காது. இந்த மாதிரி மொத்தம் ஏழு ஜோடி உண்டு. எழுதிப் பாருங்க, கேமரா சுலபமாக் குழம்புற ஜோடி அதுல ஒண்ணுகூட இல்ல.