துண்டித்த பின்னும் வரும் பில்

கேள்வி: வீட்டுத் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கும்படி எழுதிக் கொடுத்த பின்னரும் மாதந்தோறும் பில் வருகிறதே, என் செய்வது?

பதில்: கோபாவேசத்துடன் வாதம் புரிந்து பிரயோஜனமில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் தங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்து, அதற்குரிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் சாட்சியில்லாத வழக்குக்கு ஒப்பானது. அங்கே நியாயம் கிட்டாவிடில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். (டிராய் தானே தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை.) தந்திச் சட்டத்தைக் காரணம் காட்டி, இத்தகைய வழக்குகள் நுகர்வோர் மன்றத்துக்கு உரியவையல்ல என்று 2009-இல் கூறிய உச்சநீதிமன்றமே, 2022-இல் அத்தடை கிடையாதெனத் தீர்ப்பளித்துவிட்டபடியால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் தாங்கள் தாராளமாக நாடலாம், வக்கீல் அவசியமில்லை. துண்டிப்பு விண்ணப்பத்தின் நகலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.