தொகையை விடத் தேதி முக்கியம்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 2016-இல் வைத்த 1.20 லட்சம்தான் இன்றும் அடிப்படைத் தொகை. மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. கான்கிரீட் கூரைக்குத் தமிழ்நாடு அரசு தனியே சேர்த்துத் தருகிறது.

ஊரக வளர்ச்சிக் கணக்கிலேயே உழன்று ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் ஒன்றிய அலுவலர்கள் யோசனை கேட்பார்கள். தொகை போதுமா என்பதுதான் அவர்களது முதல் கேள்வி. அடுத்த தவணை எந்தத் தேதியில் பயனாளியின் கணக்கில் ஏறும் என்று நான் திருப்பிக் கேட்பேன். வீடு பாதியில் நிற்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் லிண்டலோடு வேலை நின்றிருந்தது. "சுவரு எழும்பியாச்சு சாரே, பைசா வரல்ல. கொத்தனாரு வேற வேலைக்குப் போயிட்டாரு" என்றார் அந்த அம்மா. அவர் காட்டிய நோட்டில் கம்பி, சிமெண்ட், கையாள் கூலிக்குக் கீழே தனியாக ஒரு வரி: வட்டி. மூன்று வட்டிக்கு நாற்பதாயிரம் வாங்கினால் மாதம் 1,200 ரூபாய். பில் மூன்று மாதம் தள்ளிப்போனால் 3,600. எந்த மதிப்பீட்டிலும் இந்த வரி கிடையாது. ஏழையின் வீட்டுக் கணக்கில் முதலில் எழுத வேண்டியதே அதைத்தான். மதிப்பீட்டைப் பார்க்கும் அலுவலர் ஒருமுறை அந்த நோட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் பணி ஆணை கொடுத்தால் தோண்டிய வானத்தில் தண்ணீர்தான் நிற்கும். மழை வலுத்தால் ரப்பர் பால்வெட்டும் நின்றுவிடும், அந்தக் குடும்பத்தின் கைக்காசும் நிற்கும். கடற்கரையிலும் இதே கதைதான். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுத் தடைக்காலம். டிசம்பரிலிருந்து மே வரைக்குள் அஸ்திவாரமும் கூரையும் முடிகிற மாதிரி ஆணையையும் நிதியையும் திட்டமிடச் சொல்வேன்.

திருவட்டாறு, மேல்புறம் ஒன்றியங்களின் சரிவு நிலங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அங்கே கருங்கல் கட்டி மண் நிரப்பித் தரையைச் சமப்படுத்துவதற்குள்ளேயே முதல் தவணை கரைந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளைப் பட்டியலில் முன்கூட்டியே குறித்து, மகளிர் குழுக் கடனுக்கு வங்கியோடு பேசிவிட்டுத்தான் வானம் தோண்டச் சொல்ல வேண்டும். தோண்டிய பிறகு பேசப் போனால், அந்தக் குடும்பம் அதற்குள் வட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போயிருக்கும்.

இன்னொன்று, பயனாளி பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றா என்று ஆணை கொடுக்கும் முன்பே பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பணம் திரும்பிப் போய்விடலாம்.