மணிக்கட்டுக்கு ஒரு தலையணை



உடுமலைப் பக்கம் பல வீடுகளில் ஒரு தையல் மிஷின் இருக்கும். மூலையில் ஒரு மூட்டை பனியன் கட்டிங் வேஸ்ட்டும் கிடக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. ஆனால் அதன் அருமை எனக்குத் தெரிந்தது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ராப்பகலாக டைப் அடித்து, வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய், பரீட்சை ஹாலில் பேனா பிடிக்க முடியாமல் முழித்தபோதுதான்.

"மேசை விளிம்புல கையை அழுத்திட்டே உக்காந்திருந்தா மரத்துப்போகாம என்ன கண்ணு பண்ணும்?" என்றார் அம்மா. பவர் டேபிளில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர். டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். மணிக்கட்டுக்குள் எலும்பும் தசைநாரும் சேர்ந்த ஒரு குறுகிய குகை. அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தபடியே வேலை செய்தால் அந்த நரம்பு நசுங்குகிறது. இது கம்ப்யூட்டர் வந்து உண்டான வியாதி என்று நினைக்காதீர்கள். எந்நேரமும் உட்கார்ந்து ஒரே மாதிரி கையசைப்பதால் எழுத்தர்களுக்கு வரும் தொல்லைகளை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713-லேயே எழுதிவிட்டார்.

இனி செய்முறைக்கு வருவோம். முதலில் நான் செய்தது தண்டம். பனியன் துணியில் பை தைத்து, கட்டிங் வேஸ்ட்டைத் திணித்தேன். இரண்டே நாளில் நடுவில் கட்டி, ஓரத்தில் பள்ளம். பின்னல் துணி இழுத்துக்கொடுக்கும், பாரம் தாங்காது. ஆகவே உள்பைக்கு நெசவுத் துணிதான் வேண்டும். காடாத் துணி போதும்.

48 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, 1 செ.மீ. உள்விட்டு நீளப் பக்கத்தையும் ஒரு முனையையும் தையுங்கள். திருப்பிப் போட்டால் 9 செ.மீ. அகலக் குழாய் கிடைக்கும். அதில் வெயிலில் காய்ந்த கேழ்வரகையோ கடுகையோ கால் பாகம் நிரப்பி, குறுக்கே ஒரு தையல். இப்படியே நான்கு அறை. அறை பிரிக்காவிட்டால் தானியமெல்லாம் ஒரே பக்கம் ஓடிவிடும். மொத்தம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையப் பிடிக்கும். இறுக்கித் திணிக்காதீர்கள், உயரம் கீபோர்டின் முன்விளிம்பு அளவுதான், சுமார் 2 செ.மீ.

மேலுறைக்குத்தான் நம்ம ஊர் சரக்கு. பழைய டி-ஷர்ட் போதும், வியர்வையை உறிஞ்சும். வீட்டில் ஓவர்லாக் இருந்தால் யோகம். சாதா மிஷின் என்றால் துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். கூர் ஊசி கண்ணியை வெட்டி ஓட்டை போடும். முனை மழுங்கிய பனியன் ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையைத் தைக்காமல், 5 செ.மீ. கூட விட்டு, தலையணை உறை மாதிரி உள்ளே மடித்துவிடலாம்.

ஒரு முக்கிய விஷயம். டைப் அடிக்கும்போது கை இதன்மேல் அந்தரத்தில் நகர வேண்டும். நிறுத்தி யோசிக்கும்போதுதான் சாய்க்க வேண்டும், அதுவும் உள்ளங்கையின் அடிமேட்டை, மணிக்கட்டை அல்ல. நான் இதைத் தெரிந்துகொள்ளவே ஒரு மாசம் ஆனது.

மீந்த கட்டிங் வேஸ்ட்டை வீசாதீர்கள். இடுப்பு வளைவுக்கு 30 செ.மீ. நீளத்தில் உருளை தைக்க அது நன்றாக உதவும். அங்கே கொஞ்சம் கட்டி தட்டினாலும் குற்றமில்லை. (சாய்வே இல்லாத ஸ்டூலில் உட்காருபவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.)

இத்தனை செய்தும் ராத்திரியில் கை மரத்து விழிப்பு வந்தால் டாக்டரிடம் போங்கள், பையை நம்பி இருக்காதீர்கள். உறையை வாரம் ஒருமுறை துவையுங்கள். உள்பையை நனைக்காமல் மாசம் ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். மறந்தால் வண்டு வந்துவிடும்.

— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை