மலைமேல் வீட்டில் தங்கப்போகும் பெறாமகளுக்கு

கட்டுக்கலை,
கண்டி.

அன்புப் பெறாமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓகஸ்டில் மாப்பிள்ளையோடு லண்டனில் இருந்து வருகிறாய், கண்டியில் மூன்று இரவு நிற்கப்போகிறாய், அதுவும் என் வீட்டில் இல்லை, ஒரு 'பொட்டிக்' ஹோட்டலில். எனக்கு இதில் கோபம் ஒன்றும் இல்லை. கோபமெல்லாம் உன் அம்மாவுக்குத்தான். அக்கா வீடு இருக்கக் காசு கொடுத்துத் தங்குவதா என்று ரெலிபோனில் பொரிந்து தள்ளிவிட்டாள். என்னிடம் இருப்பது இரண்டு அறை, ஒரு குளியலறை. புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள் பெரியம்மாவின் இருமலைக் கேட்டுக்கொண்டு படுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள், போதும்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். படத்தை வைத்துத் தெரிவு செய்திருக்கிறாய் என்று உடனே விளங்கியது. எல்லாப் படத்திலும் அதே வெள்ளை விரிப்பு, அதன்மேல் துவாயை மடித்துச் செய்த அதே அன்னம். படம் அறையைத்தான் காட்டும் பிள்ளை, வீட்டைக் காட்டாது. கண்டியில் நல்ல சின்ன ஹோட்டல் என்றால் பெரும்பாலும் அது முதலில் ஒரு வீடு. யாரோ கட்டி, பிள்ளை பெற்று வளர்த்து, மூத்தவர்களைத் தூக்கிக்கொண்டுபோய் அடக்கம் செய்து, பிறகு கூரையைத் திருத்தக் காசில்லாமலோ பிள்ளைகள் வெளிநாடு போனதாலோ ஹோட்டலாக மாறிய வீடு. நீ தேடவேண்டியது அந்த வீட்டை. அங்கே போய் இறங்கிய பிறகும் ஒரு வீட்டுக்கு வந்தவளாகத்தான் நடந்துகொள்ளவேண்டும்.

மாப்பிள்ளை கட்டடக்கலை படித்தவர் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். குண்ணேபானையில் அமுனுகம வளவ்வ என்றொரு வீடு இருக்கிறது. 1804இல் கட்டியது. இப்போது 'த கண்டி ஹவுஸ்' என்ற பெயரில் ஹோட்டல். கட்டடக் கலைஞர் பாவாவோடு வேலைசெய்த சன்ன தஸ்வத்த அதைப் பழுதுபார்த்து எடுத்தார். சிங்களப் பிரதானிகளின் வளவ்வவுக்குள் நுழைந்தால் நடுவில் திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை, மழை ஓட்டில் இருந்து நேரே முற்றத்துக்குள் விழும். நமது நாற்சார் வீட்டில் வளர்ந்த உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினால் வழி கேட்காமலே குசினிக்குப் போய்விடுவாள். அந்த வீடு எழும்பிய காலத்தில் கண்டியை ஆண்டவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தமிழ் பேசிய நாயக்கர் வழியினன். அவன் 1807இல் வெட்டிய குளத்தைத்தான் நீ எந்த மலையில் தங்கினாலும் கீழே பார்க்கப்போகிறாய். 1815 மார்ச் 2ஆம் திகதி பிரதானிகள் நாட்டை வெள்ளைக்காரனுக்கு எழுதிக்கொடுத்தபோது அவர்களில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்து வைத்தார்கள். அரசன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே செத்தான். உங்கள் இருவருக்கும் கண்டி என்றால் தலதா மாளிகை மட்டும்தான் தெரியும். இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். வளவ்வ விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். எவ்வளவு என்று உன் அம்மாவுக்குச் சொல்லிவிடாதே.

இன்னொரு வீட்டுக் கதையும் உண்டு. மினெற் டி சில்வா கண்டியில் 1918இல் பிறந்தவர். 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அவர் முதலாவதாகக் கட்டிய கருணாரத்ன வீடும் இந்த ஊரில்தான் இருக்கிறது. பாவாவின் பெயர் தெரிந்த உன் மனுசனுக்கு மினெற்றின் பெயர் தெரியுமா என்று கேட்டுப்பார். தெரியாது என்றால் மூன்று நாளில் ஒரு பகலை அதற்கு ஒதுக்கலாம். அவருடைய தமையனின் மகள் ஹெல்காதான் மலைமேலிருந்த பழைய ஷாலே ஹோட்டலை 'ஹெல்காஸ் ஃபொலி' ஆக்கியவர். சுவரெல்லாம் சித்திரம், மான்கொம்பு, உருகி வழிந்து மலைபோலக் குவிந்த மெழுகுதிரி. வேல்ஸ் நாட்டு ஸ்டீரியோஃபோனிக்ஸ் குழு 2003இல் அந்த அம்மாவின் பெயரிலேயே ஒரு பாட்டு வெளியிட்டது. எனக்கு அந்தச் சோடனை மூச்சுமுட்டும். ஆனாலும் அது ஒருத்தியின் சொந்த மனசு பிடித்த வீடு என்பதில் எவருக்கும் சந்தேகம் வராது. நீ தெரிவு செய்யும் இடத்தில் அதில் கால்வாசியாவது இருக்கவேண்டும் என்கிறேன்.

இப்போது நாலு மாடிக் கொங்கிறீற் கட்டி, வாசலில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வைத்து, பெயர்ப்பலகையில் 'பொட்டிக்' என்று எழுதிவிடுகிறார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் அந்தப் பெயரில் பதிவு செய்வதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பதிவு இருக்கிறதா, எந்தப் பிரிவில் என்று எழுதிக் கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உடனே பதில் வந்தால் நல்ல சகுனம். நழுவினால் நீயும் நழுவு.

அடுத்தது மலை. கண்டி ஒரு கிண்ணம். குளமும் மாளிகையும் கடைத்தெருவும் அடியில், ஹோட்டல்கள் விளிம்பில். 'குளத்தில் இருந்து ஐந்து நிமிடம்' என்று போட்டிருப்பார்கள். காகத்துக்கு ஐந்து நிமிடம்தான். ராஜபிஹில்லப் பக்கமும் பஹிரவகந்தைப் பக்கமும் சில ஒழுங்கைகளில் ஓட்டோ மூச்சுவாங்கி நின்றுவிடும்; மிச்சம் படி. வாசல்வரை வாகனம் வருமா, எத்தனை படி ஏறவேண்டும், பெட்டி தூக்க ஆள் உண்டா என்று மூன்றையும் கேட்டு எழுது. நகரத்துக்கு வெளியே, தென்னகும்புரப் பாலம் தாண்டி மகாவலிக்கு அந்தப் பக்கம் எடுத்தால் அமைதி கிடைக்கும், பறவைச் சத்தம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை ரவுணுக்கு வரவும் வாகனம் வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரை மணிக்கு அந்த வீதியில் மாட்டினால் பேராதனைத் தோட்டம் பார்க்கும் ஆசையே போய்விடும். மூன்று இரவில் ஊரும் பார்க்கவேண்டும், ஓய்வும் எடுக்கவேண்டும் என்று இரண்டையும் கட்டிப்பிடிக்காதே. ஊர் என்றால் குளத்துக்கு மேலே எடு. ஓய்வு என்றால் ஆற்றுக்கு அப்பால் போ.

நீ வரும் மாதத்தில் எசல பெரஹராவும் வரும். முதலில் திகதியைப் பார். அந்தப் பத்து இரவும் வாடகை தாறுமாறாக ஏறும், பின்னேரத்திலேயே வீதிகளை மூடிவிடுவார்கள், மலையில் இருக்கிறவர்கள் நடந்துதான் திரும்பவேண்டும். முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, பின் ஐந்து ரந்தோலி. ரந்தோலியில்தான் பெரிய பகட்டு. ஆனால் கும்பல் இரவுகளில் சனம் குறைவு, நடைபாதை ஓரத்தில் நின்றே யானையின் கண்ணைப் பார்க்கலாம். தலதா மாளிகையோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்ற நாலு தேவாலயங்களின் ஊர்வலமும் சேர்ந்து வரும்; நமது முருகனும் கண்ணகியும் அதில் போகிறார்கள் என்று மாப்பிள்ளைக்குச் சொல். பெரஹரா வேண்டாம் என்றால் அது முடிந்து ஒரு கிழமை கழித்து வா. இரண்டும் கெட்ட நடுவில் வராதே. பௌர்ணமிப் போயா நாளில் சாராயம், பியர் எதுவும் விற்கக்கூடாது, ஹோட்டலிலும் பெரும்பாலும் கிடையாது. அதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவை. வந்து முகம் தொங்கவேண்டாம்.

ரெயில்வே ஸ்ரேசனில் இறங்கியதும் ஒருவன் வந்து, நீ பதிவு செய்த ஹோட்டல் பூட்டியாச்சு, மூட்டைப்பூச்சி, வேறு நல்ல இடம் காட்டுகிறேன் என்பான். அவனுக்குக் கொமிசன் வேறு இடத்தில். சிரித்துவிட்டு நட. அல்லது ஹோட்டலையே வாகனம் அனுப்பச் சொல்.

காசு விசயம் சுருக்கமாக. வலைத்தளத்தில் காட்டும் விலைக்குள் 10 வீத சேர்விஸ் சார்ஜும் வற் வரியும் அடங்குமா என்று கேள். இடையில் நிற்கும் நிறுவனம் கணிசமான கழிவை எடுக்கிறது. வீட்டுக்காரருக்கு நேரே எழுதினால் சிலர் விலையைக் குறைப்பார்கள், சிலர் குறைக்காமல் குளத்தைப் பார்த்த அறையைத் தருவார்கள். எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான் லாபம்.

இனித்தான் முக்கியம். நூறு அறை ஹோட்டலில் நீ ஒரு இலக்கம். ஏழு அறை வீட்டில் நீ காலையில் எத்தனை மணிக்கு எழும்பினாய் என்பது குசினிக்குத் தெரியும். அங்கே பெரும்பாலும் சமையலுக்கு ஒரே ஆள். இடியப்பமும் சொதியும் சம்பலும் வேண்டும் என்றால் முதல்நாள் இரவே சொல்லிவிடு. விடிய மாவைக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து, தேங்காய் துருவி, அம்மியில் மிளகாயும் உப்பும் வெங்காயமும் அரைத்துச் சம்பல் போட ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து கேட்டால் பாணும் முட்டையும்தான் வரும், பிறகு நீ 'சாப்பாடு சரியில்லை' என்று எழுதுவாய். பழைய வீட்டில் பலகைத் தளம் கிரீச்சிடும், கதைத்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போகாதே. இங்கே குரங்குகளுக்கு எல்லா வீடும் சொந்தம். பழத்தட்டை எடுத்தால்கூடப் பரவாயில்லை, உன் குளிசைப் பையைக் கூரையில் கொண்டுபோய் வைத்துப் பிரித்துப் பார்க்கும். குறை ஏதும் இருந்தால் அந்த நேரமே அந்த ஆளிடம் சொல். அங்கே சிரித்துவிட்டு லண்டனுக்குப் போய் இன்ரநெற்றில் திட்டுவது வீட்டுக்கு வந்த விருந்தாளி செய்யும் வேலை இல்லை.

சாப்பாடு கொண்டுவரும் பொடியன், அறை துப்பரவாக்கும் பிள்ளை, இவர்களில் பலர் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள். முதலில் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். நீங்கள் இரண்டுபேரும் உங்களுக்குள் தமிழில் கதைப்பதைக் கேட்டதும் முகம் மாறும். அப்போது நம்மாட்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: 'நீர் எந்தத் தோட்டம்?' கேள்வியில் பிழை இல்லை, கேட்கும் தொனியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களிடம் அந்தத் தொனியை நான் பள்ளிக்கூட ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பூட்டன்மார் மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து, மாத்தளை ஊடாக இந்த மலைக்கு ஏறியவர்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தெல்தோட்டைக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டதைப் பெரிதாகச் சொல்வார்கள், காட்டை வெட்டியவர்களின் பெயரைச் சொல்லமாட்டார்கள். நீ 'தம்பி, தங்கச்சி' என்று கூப்பிடு, ஊரைக் கேட்டால் உன் ஊரையும் சொல். போகும்போது அன்பளிப்பை மேசையில் விட்டுவிட்டுப் போகாதே, கையில் கொடு. குசினியில் நிற்கிற ஆளை மறக்காதே. முன்னுக்கு வருகிறவருக்கு மட்டும் எல்லாரும் கொடுப்பார்கள்.

பட்டியலில் உள்ள ஐந்தில் இரண்டை நான் அடித்துவிட்டேன், ஏன் என்று நேரில் சொல்கிறேன். மிச்சம் மூன்றுக்கும் முற்பணம் கட்ட முன் எனக்கு ஒரு கிழமை தா. ராஜபிஹில்லப் பக்கத்து இரண்டையும் பின்னேர நடையோடு போய்ப் பார்த்துவிடுவேன்; படியையும் எண்ணி எழுதுகிறேன். குண்ணேபானைக்கு பஸ் எடுக்கவேண்டும், அதற்கு மழை விட்ட நாளாகப் பார்க்கவேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா