இறுதி நாட்களில் துணைநிற்றல்

"இந்த நோயை இனி மாற்ற ஏலாது" என்று வைத்தியர் சொன்னபின், நோயாளர் மகரகமவிலிருந்தோ தெல்லிப்பழையிலிருந்தோ வன்னியிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்புகிறார். நோயை மாற்ற முடியாவிட்டாலும் நோவைத் தணிக்கலாம். இதையே நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறோம்.

2009இல் முடிந்த போரில் உறவுகளை இழந்த குடும்பங்கள் எம்மிடையே பல. முன்பு ஒரு குடும்பமே சுமந்ததை இன்று பல வீடுகளில் ஒரு பெண் தனியே சுமக்கிறாள். அவள் கூலிவேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. போனால் நோயாளரைப் பார்க்க ஆளில்லை. ஆகவே நோயாளரோடு பராமரிப்பவரையும் நாம் கவனிக்க வேண்டும்.

கேரளம் காட்டிய வழி

1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் மற்றும் சிலரும் நோய்த்தணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அயலவர்களே பயிற்சி பெற்று நோயாளரின் வீடுகளுக்குச் சென்றனர். தாதி மருந்தையும் புண்ணையும் கவனித்தார். தொண்டர்கள் அருகிருந்து கதைத்தனர். அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழிசெய்தனர். 2008இல் கேரள அரசு இப்பராமரிப்பைத் தன் கொள்கையாக ஏற்றது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. வைத்தியர் தந்த நோவு மருந்தை, நோவு வரும்வரை காத்திராது, அவர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மோர்பின் உயிரைப் பறிக்கும் என்று பலர் அஞ்சுவர். வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்த அச்சம் வேண்டாம். அது மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

2. அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். தோலையும் விரிப்பையும் ஈரமின்றி வைத்திருங்கள். படுக்கைப்புண்ணைத் தடுக்க இது உதவும்.

3. கடைசி நாட்களில் பசி குறைவது இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். சுத்தமான ஈரத்துணியால் உதட்டையும் வாயையும் நனையுங்கள்.

4. அவர் பேச விரும்புவதைக் கேளுங்கள். "ஒன்றுமில்லை, சுகமாகும்" என்று வாயை அடைக்காதீர்கள். பிள்ளைகளைப் பற்றி, கடனைப் பற்றி, காணி உறுதியைப் பற்றி அவருக்குச் சொல்ல இருக்கலாம்.

அயலவர் செய்யக்கூடியவை

மாதர் சங்கத்தில் ஒரு முறைப்பட்டியல் போடலாம். ஒருவர் ஒரு பகல் நோயாளரோடு இருக்கட்டும். இன்னொருவர் மருந்தெடுக்கப் போகட்டும். வேறொருவர் ஓரிரவு கண்விழிக்கட்டும். செத்தவீட்டுக்கு ஊரே திரள்கிறது. அந்த ஊர் சில கிழமைகள் முன்னதாக வந்தால், பராமரிப்பவள் ஓரிரவாவது கண்ணயர்வாள்.

கலந்துரையாட

* எமது கிராமத்தில் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர்?
* அவர்களைப் பராமரிப்பவர் கடைசியாக ஓய்வெடுத்தது எப்போது?
* இக்கிழமை யார் அவ்வீட்டுக்குப் போவது?