பிள்ளையாருக்கு மூச்சு முட்டாதா?

சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரைக் கரைக்கும்போது, "அவருக்கு மூச்சு முட்டாதா?" என்று நாலு வயதுக் குழந்தை கேட்டால் சிரித்துவிடாதீர்கள். கூசிப்போய் அடுத்த கேள்வியை விழுங்கிவிடும். உயிரில்லாத பொருளையும் உயிருள்ளதாக நினைப்பது அந்த வயதின் இயல்பு. உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே இதை விரிவாக எழுதினார். "நீ என்ன நினைக்கிறே கண்ணு?" என்று முதலில் கேளுங்கள். பல நேரம் விடை அதனிடமே இருக்கும். பிறகு சுருக்கமாக, "மண்ணுல செஞ்சோம், மண்ணுக்கே அனுப்புறோம். வலிக்காது" என்றால் போதும். தெரியாததற்கு, "தெரியலையே, பாட்டியைக் கேட்போமா?"

"சாமி கண்ணைக் குத்தும்" என்ற மிரட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதை நினைத்து ராத்திரி தூங்காத பிள்ளைகள் உண்டு.

இப்படிப்பட்ட மழலைப் பேச்சைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஆனால் விருந்தாளிகள் முன்னால் குழந்தையை மறுபடி சொல்லச் சொல்லாதீர்கள்.