பரீட்சை மதிப்பெண்ணும் பாதுகாப்பும்

சிரஞ்சீவி சுந்தரத்துக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாவின் ஜவுளிக் கடைக் கணக்குகள் இருக்கும் கணினிக்கு ஓர் ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமென்றும், கடைசியாக வந்த பரிசோதனை அறிக்கையில் ஒரு மென்பொருள் நூற்றுக்கு 99.75-ம் மற்றொன்று 99.5-ம் பெற்றிருப்பதால் முதலாவதையே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் கேள்வியின்றி வாங்கி வருகிறவர்களே அதிகமான இந்நாளில், அறிக்கையைத் தேடிப் படிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்குப் பரம சந்தோஷம். ஆயினும் அந்தக் கால் சதவிகிதத்தை நம்பி நீ ஒரு நிர்ணயத்துக்கு வருவது எனக்குச் சம்மதமில்லை. காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

இத்தகைய பரீட்சைகளை நடத்துகிறவர்களுள் மூன்று ஸ்தாபனங்கள் பிரசித்தமானவை: பிரிட்டனில் 1989-ல் ஒரு பத்திரிகையாகத் தோன்றி, 1998 முதல் விபி100 என்னும் விருதை வழங்கிவரும் வைரஸ் புல்லட்டின், ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்திலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்திலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ். முன்பெல்லாம் ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களை ஒரு டிஸ்கில் திரட்டிவைத்து, எந்த மென்பொருள் அவற்றில் எத்தனையைக் கண்டுகொள்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே பிரதான முறையாக இருந்தது. இப்போது ஒரே மாதிரியான பல கணினிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மென்பொருளை நிறுவி, அன்றைய தினம் நடமாடும் தீய இணைய முகவரி ஒன்றை எல்லாவற்றிலும் ஏககாலத்தில் திறந்து, எந்தக் கணினி பழுதுபட்டது, எது தப்பியது என்று குறித்துக்கொள்ளும் முறையும் வந்திருக்கிறது. நம் அன்றாட அனுபவத்துக்கு இதுவே சமீபமானது. ஆனால் இதற்குக் காலமும் உழைப்பும் அதிகம் பிடிக்குமாதலால், லட்சக்கணக்கான மாதிரிகளைக் கொண்டு இதை நடத்த முடியாது.

அந்தச் சிறிய தொகையில்தான் நீ கவனிக்க வேண்டிய சூட்சுமம் இருக்கிறது. பரீட்சையில் 400 மாதிரிகள் இருந்தன என்று வைத்துக்கொள். ஒன்றைத் தவறவிட்ட மென்பொருளுக்கு 99.75; இரண்டைத் தவறவிட்டதற்கு 99.5. நீ மலையாக எண்ணிய வித்தியாசம் ஒரே ஒரு மாதிரிதான். அடுத்த மாதம் வேறு 400 மாதிரிகளை எடுத்தால் இந்த வரிசை தலைகீழாகவும் மாறலாம். இதையே பத்துப் பரீட்சைகளுக்கு நீட்டிப் பார். மொத்தம் 4,000 மாதிரிகளில் ஒரு மென்பொருள் எட்டையும் மற்றொன்று அறுபதையும் தவறவிட்டிருந்தால், அதைத் தற்செயல் என்று எவரும் சொல்ல மாட்டார். ஆகவே ஒரு தனி அறிக்கையைக் காட்டிலும், பல பருவங்களாகத் தொடர்ந்து வரும் சரித்திரமே பிரமாணமாகக் கொள்ளத் தக்கது. அந்தச் சரித்திரமும் தகுதியற்றதை விலக்குவதற்குச் சிறந்த கருவியேயன்றி, தகுதியுள்ளவற்றுள் முதலாவது இது, இரண்டாவது இது என்று பட்டம் சூட்டுவதற்கு உகந்ததன்று.

பிடித்த வைரஸ்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் மறந்துவிடும் மற்றொரு விஷயம் பொய் எச்சரிக்கை. கண்ணில் பட்ட கோப்பையெல்லாம் வைரஸ் என்று சொல்லிவிட்டால் நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம், கணினிதான் பிரயோஜனப்படாது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி நிறுவனம் வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று தீர்மானித்து அப்புறப்படுத்த, உலகெங்கும் அலுவலகக் கணினிகள் நெட்வொர்க் தொடர்பை இழந்து, திரும்பத் திரும்பத் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகி, வேலையே ஸ்தம்பித்துப் போயிற்று. ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், உபயோக சௌகரியம் என்று மூன்று தலைப்புகளில் தலைக்கு ஆறு வீதம் 18 புள்ளிகள் வைத்திருப்பதும், பொய் எச்சரிக்கைகளை மூன்றாவது தலைப்பில் கணக்கிடுவதும் இதனாலேயே.

இனி, பரீட்சைக்காகவே வேஷம் கட்டுகிறவர்களைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2015 ஏப்ரல் கடைசியில் மேற்சொன்ன மூன்று ஸ்தாபனங்களும் சேர்ந்து, சீனாவின் கிஹூ 360 நிறுவனத்துக்கு அவ்வருஷம் கொடுத்த சான்றிதழ்களையும் விருதுகளையும் ரத்து செய்வதாக அறிவித்தன. பரீட்சைக்கு அந்நிறுவனம் அனுப்பிய பதிப்பில் பிட்டிஃபெண்டர் என்னும் வேறொரு நிறுவனத்தின் எஞ்சின் இயங்கிக்கொண்டிருக்க, அதன் முக்கியச் சந்தைகளில் ஜனங்களுக்குக் கிடைத்த பதிப்பிலோ அந்த எஞ்சின் நிறுத்தப்பட்டு, கிஹூவின் சொந்த எஞ்சினே வேலை செய்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் பக்கத்து ஊர்ப் பையன்களை முன்வரிசையில் உட்கார வைக்கும் பள்ளிக்கூடத்தின் சாமர்த்தியம்தான் இது. புரட்டு வெளிப்பட்டதும் பரீட்சகர்களாலேயே என்பது அவர்களுக்குப் பெருமை; எனினும் அவர்களுடைய பரீட்சைகளில் பலவற்றுக்குக் கட்டணம் செலுத்துகிறவை பரீட்சிக்கப்படும் நிறுவனங்களே என்பதையும் மனத்தில் வைத்துக்கொள். ஒரே ஸ்தாபனத்தின் வார்த்தையை வேதவாக்காகக் கொள்ளாமல், இரண்டு மூன்றை ஒத்துப் பார்ப்பது உத்தமம்.

பழைய பெயருக்கும் பழைய பழிக்கும் ஆயுள் குறைவு. 2012-ன் பிற்பகுதியில் மைக்ரோசாஃப்டின் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் ஏவி-டெஸ்ட் சான்றிதழை இழந்தது. அப்பரீட்சையில் தவறவிட்ட மாதிரிகளால் தன் வாடிக்கையாளரில் 0.0033 சதவிகிதத்தினரே பாதிக்கப்பட்டார்கள் என்று அந்நிறுவனம் சமாதானம் சொல்லிற்று. 2019-ல் அதே நிறுவனத்தின் விண்டோஸ் டிஃபெண்டர் 18-க்கு 18 வாங்கியது. இரண்டும் உண்மையே, ஆனால் 2012-ன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்று டிஃபெண்டரை நிந்திப்பவன், பரீட்சைச் சரித்திரத்தைப் படித்தவனாகான்.

கடைசியாக ஒன்று: எந்தப் பரீட்சையும் நிறுவனத்தின் அந்தரங்க சுத்தியை அளப்பதில்லை. ஆன்டிவைரஸ் மென்பொருள் நம் கணினியில் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அதிகாரம் பெற்றது. அந்த அதிகாரத்தை அது எப்படிப் பயன்படுத்துகிறது என்பது மதிப்பெண்ணில் தெரியாது. பரீட்சைகளில் நல்ல பெயர் எடுத்திருந்த அவாஸ்ட் நிறுவனம், தன் மென்பொருள் மூலம் திரட்டிய இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்னும் கிளை நிறுவனத்தின் வழியாக விற்றது அம்பலமாகி, 2020-ல் அக்கிளையை மூட நேர்ந்தது. 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. வைரஸைப் பிடிக்கும் சாமர்த்தியம் வேறு, நாணயம் வேறு. முன்னதற்குப் பரீட்சை சாட்சி, பின்னதற்கு நாமேதான் விசாரிக்க வேண்டும்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. இரண்டு மென்பொருள்களுக்கும் கடந்த ஈராண்டு அறிக்கைகளை எடுத்து, தவறவிட்டவற்றை ஒரு பத்தியிலும் பொய் எச்சரிக்கைகளை மற்றொரு பத்தியிலும் எழுதிக் கூட்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே தரத்தில் நின்றால், மதிப்பெண்ணை அத்துடன் விட்டுவிட்டு, எது கடையின் பழைய கணினியை மந்தமாக்காமல் ஓடுகிறது, எது அடுத்த வருஷப் புதுப்பிப்புக்கு நியாயமான விலை கேட்கிறது, விவரங்களைச் சேகரிப்பது குறித்து எது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது என்று பார். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமா என்பதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள். போதுமென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, தினமும் கடை மூடும்போது கணக்குகளைப் பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடச் சொல். 99.75 வாங்கிய மென்பொருளும் தவறவிட்ட அந்த ஒன்று நம் கடைக்கே வந்து சேர்ந்தால், கைகொடுக்கப்போவது அந்தப் பிரதிதான்.

கூட்டிய கணக்கை எனக்கு எழுது. பிறகு அண்ணாவிடம் நானே பேசுகிறேன்.

உன் அன்புள்ள,
சித்தப்பா